அனுப்பிய நேரம் 4.05

1973 ஜூன் 4, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. விடுமுறையில் சேர்ந்த தபால் நாற்பத்து மூன்று. இசக்கி அவற்றைச் சாக்கில் கொண்டுவந்து கத்தரிக்காய் கொட்டுகிற மாதிரி என் மேஜைமேல் கொட்டினான். ஆபீஸ் அட்டெண்டராக இருபது வருஷம் இருந்தும் தபாலைக் கையில் எடுக்கத் தெரியவில்லை. சொன்னால் சிரிக்கிறான்.

இங்கே வருகிற தபாலில் பாதி கல்லூரிக்கு வருவதில்லை, முதல்வருக்கு வருகிறது. அதாவது மேஜர் ஜெனரல் வேதமுத்துவுக்கு. 71 போர் முடிந்து, சீருடையைக் கழற்றி, சொந்த ஊர்ப் பக்கம் வந்து அவர் இந்தக் கல்லூரியை ஏற்று ஒரு வருஷமாகிறது. மூன்றாம் மாதமே என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். அவருடைய தலைமையகத்தில் ஹவில்தார் கிளார்க்காக இருந்த இந்தக் கோமதிநாயகம் இன்று முதல்வரின் எழுத்தர். வேலை அதேதான், சல்யூட் மட்டும் இல்லை.

சாத்தூர்ப் பக்கத்து விதவை ஒருத்தி, பென்ஷன் தாள் இந்தியில் வந்திருப்பதால் படித்துச் சொல்லும்படி அந்தத் தாளையே அனுப்பியிருக்கிறாள். பட்டாளத்தில் நாயக்காக இருந்து ஒரு கால் போனவர் தன் பிள்ளைக்கு பி.யூ.சி.யில் இடம் கேட்கிறார். ஒருவர் மாதாமாதம் போல இந்த மாதமும், "சௌக்கியமா ஐயா, நான் சௌக்கியம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். எதுவானாலும் மூன்று நாளுக்குள் பதில் போக வேண்டும் என்பது ஜெனரல் வைத்த விதி. போரில் காத்துக் கிடந்தவர்களை இனியும் காக்க வைக்கக் கூடாது என்பார். பேராசிரியர்கள், "இது காலேஜா, கண்டோன்மெண்டா?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கிறார்கள்.

கடிதம் வந்ததும் சிவப்பு மையில் எண், தேதி, நேரம். என் பதிவேட்டில் ஒரே ஒரு அடித்தல் திருத்தல் காட்டட்டும், அன்றைக்கே என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். போர்க்காலத்தில் பதிவேடுகளைப் பழுதின்றிப் பராமரித்ததற்கு எனக்குப் பாராட்டுப் பத்திரமே கொடுத்திருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

மாலை ஐந்துக்குள் நாற்பத்திரண்டையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன்.

ஜூன் 5, செவ்வாய்

சாரல் தொடங்கிவிட்டது. டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றினேன். நாற்பத்து மூன்றாவது, மானாமதுரையிலிருந்து வந்த கடிதம், இழுப்பறையில் இருக்கிறது. நாளை பார்க்கலாம்.

ஜூன் 8, வெள்ளி

மானாமதுரைக் கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. காரணம் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது இது:

"மதிப்பிற்குரிய ஜெனரல் அவர்களுக்கு. நான் கேப்டன் ஞானசேகரனின் தகப்பன். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பின்வாங்கச் சொல்லி உத்தரவு கிடைத்தும் என் மகன் பின்வாங்கவில்லை என்றும், அதனால் தன்னுடன் இருந்தவர்களையும் சாகக் கொடுத்தான் என்றும் விசாரணையில் முடிவு எழுதியிருக்கிறார்கள். அவன் சொன்ன சொல்லை மீறுகிற பிள்ளை இல்லை. எனக்குப் பணமும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம். அந்த உத்தரவு எத்தனை மணிக்குப் புறப்பட்டது, அதை எழுதி அனுப்பியவர் யார், இந்த இரண்டு மட்டும் தெரிய வேண்டும். இப்படிக்கு, சேதுராமலிங்கம்."

இது ராணுவ விஷயம். கல்லூரிப் பதிவேட்டில் ஏற்றத் தக்கதா என்று யோசிக்க வேண்டும். சாத்தூர் விதவையின் பென்ஷன் தாளை ஏற்றினேனே என்றால், பென்ஷன் வேறு, இது வேறு. தவிரவும் ஜெனரலுக்குப் போன மாதம்தான் ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செத்துப்போனவர்களைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?

ஜூன் 14, வியாழன்

இன்று ஜெனரல் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. போரில் ஆற்றங்கரை மேடு ஒன்றில் இறந்த எங்கள் ஆட்களின் பெயர்கள். பதினொன்று இருக்கிறது. பன்னிரண்டாவது வரி காலி. நான் தினம் பத்துத் தடவை அந்த மேஜைக்குப் போகிறேன், அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

"ஞானசேகரன் பேரை எழுதணும்னு பேனாவை எடுக்கேன், கை வர மாட்டேங்குது கோமதி" என்றார். "சொல்லி அனுப்பியும் நகராம நம்ம ஆட்களைப் பலி குடுத்துட்டானேன்னு ஒரு சமயம் ஆத்திரமா வருது. அவன் அப்படிப்பட்ட பையன் இல்லையேன்னும் தோணுது. எல்லார் வீட்லேருந்தும் கடுதாசி வருது. அவங்க வீட்லேருந்து மட்டும் ஒண்ணுமில்லை, பார்த்தியா?"

"இல்லை சார்."

"நானே ஒரு வரி எழுதட்டுமா?"

"நாம முதல்ல எழுதுறது நல்லா இருக்காது சார். அவங்க எழுதட்டும்."

சரி என்று தலையாட்டினார். என் யோசனையை அவர் எப்போதும் மதிப்பார்.

ஜூன் 20, புதன்

மானாமதுரையிலிருந்து இன்னொன்று. முதல் கடிதம் கிடைத்ததா என்று ஒரு வரி. பிறகு இப்படி எழுதியிருக்கிறார்:

"செய்தி 4.05க்கு அனுப்பப்பட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறதென்றும், ஆகவே அது 4.45க்குள் என் மகன் கைக்குப் போயிருக்க வேண்டும் என்றும் விசாரித்த அதிகாரி எனக்குச் சொன்னார். ஐயா, நான் முப்பத்து நாலு வருஷம் ரயில் வந்த நேரத்தைப் புத்தகத்தில் எழுதினவன். மெயில் வண்டி பக்கத்து ஸ்டேஷனை விட்டது என்று தெரிந்ததுமே, இங்கே வந்த நேரத்தையும் எழுதிவைத்துவிட்டு டீ குடிக்கப் போன நாட்கள் உண்டு. தினமும் வருகிற வண்டிதானே என்ற நினைப்பு. ஒரு நாள் வழியில் மாடு அடிபட்டு வண்டி இருபது நிமிஷம் நின்றுவிட்டது. என் புத்தகத்தில் அது வந்து சேர்ந்திருந்தது. ஆகையால் பதிவேட்டில் இருக்கிறது என்று சொன்னால் எனக்குப் போதாது. எழுதின ஆளை நான் பார்க்க வேண்டும்.

போன வாரம் பரமக்குடியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் மகன் என் மகனுடன் அதே மேட்டில் இறந்தவன். 'உன் மகன் திமிரால் என் மகன் போனான்' என்று சொல்லி என் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். என் மனைவி அன்றிலிருந்து கோவிலுக்குக்கூட வெளியே வருவதில்லை."

ரயில்வேக்காரர் புத்தி. தன்னைப் போல் பிறரையும் நினைப்பது. பட்டாளத்துப் பதிவேடும் ஸ்டேஷன் புத்தகமும் ஒன்றா?

இதையும் இழுப்பறையில் வைத்தேன். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

ஜூன் 22, வெள்ளி

உலகம்மாள் வீட்டைத் தூசி தட்டினாள். பாராட்டுப் பத்திரத்தின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். என் மனைவிக்கு அதைக் கேட்பதில் ஒரு சந்தோஷம். வருஷத்துக்கு இரண்டு தடவை கேட்பாள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன்.

இன்று அதட்டிவிட்டேன். "எத்தனை தடவைதான் சொல்லுறது?" என்றேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பாவம், அவள் என்ன செய்தாள்.

ஜூன் 27, புதன்

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது.

71 டிசம்பர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு. அதில் கேப்டன் ஞானசேகரனும் அவருடைய ஆட்களும் இருந்தார்கள். விடிவதற்குள் எதிரி அந்த மேட்டுக்கு வந்துவிடுவான் என்று தெரிந்தது. ஆகவே நம் ஆட்கள் இறங்கிவிட வேண்டும், சரியாக ஐந்து மணிக்கு நம் பீரங்கிகளே அந்த மேட்டைச் சுடும் என்று ஜெனரல் முடிவு செய்தார். வயர்லெஸ் கெட்டுப்போயிருந்தது. செய்தியைத் தாளில் எழுதி மோட்டார் சைக்கிளில் சிப்பாய் தங்கவேலுவிடம் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. பாதை நாற்பது நிமிஷம்.

ஜெனரல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் தந்துவிட்டு வரைபடக் கூடாரத்துக்குப் போனார். அவர் எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், எதுவானாலும் நான் டைப் அடித்துத்தான் போகும். செய்தி எண் 212. அனுப்பிய நேரம் 4.05. பதிவேட்டில் இருக்கிறது.

ஐந்து மணியிலிருந்து அரை மணி நேரம் பீரங்கிகள் சுட்டன. நம் ஆட்கள் மேட்டிலேயே இருந்தார்கள். கேப்டனும் அவருடைய ஆட்கள் பத்துப் பேரும் இறந்தார்கள். தங்கவேலுவும் மேட்டடியில் இறந்து கிடந்தான், வண்டி பக்கத்தில் கிடந்தது. செய்தித் தாள் எங்கும் கிடைக்கவில்லை, அது கேப்டன் கைக்குப் போனதா என்று சொல்ல ஆளும் இல்லை. பதிவேடு மட்டும் இருந்தது.

இவ்வளவுதான் நடந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஜூலை 3, செவ்வாய்

தபால்காரர் இன்று பதிவுத் தபால் ஒன்றை நீட்டினார். ஒப்புகை அட்டையும் சேர்த்து. அனுப்பினவர் சேதுராமலிங்கம், மானாமதுரை.

"ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்று அவர் நின்றார். பின்னால் மழை. நான் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, திரும்ப மூடினேன். "என்ன சார், வாங்கலைன்னு எழுதி அனுப்பிரட்டுமா?" என்றார். அப்படி எழுதினால் சேதுராமலிங்கம் நேரே வந்து நிற்பார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

வாங்கியும் பிரயோஜனமில்லை. ஜூலை 12 வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரில் வருவதாக எழுதியிருக்கிறார்.

ஜூலை 7, சனி

மூன்று கடிதங்களையும் ஆபீஸில் வைக்கப் பயந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெந்நீர் அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தும் விட்டேன். கை போகவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு தபாலைக் கிழித்ததோ எரித்ததோ இல்லை.

உலகம்மாள் வந்து பார்த்தாள். "யாருக்கு வந்த காயிதம்?"

"ஆபீஸ் விஷயம்."

"ஆபீஸ் காயிதம்னா ஆபீஸ்லலா இருக்கணும். வெந்நீ அடுப்புகிட்ட அதுக்கு என்ன சோலி?"

அவள் மேலாக இருந்த உறையில் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஜெனரல் சாருக்கு வந்ததை நீங்க எதுக்கு வச்சிருக்கீய?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததும், அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டாள். பச்சைத் தண்ணீரில் குளித்தேன்.

ஜூலை 10, செவ்வாய்

கடிதங்களைத் திரும்ப ஆபீஸ் இழுப்பறையில் வைத்தேன். ஆட்சிக்குழுக் கூட்டத்தை வியாழன் காலை பத்து மணிக்கு மாற்றினேன். ஜெனரல் பன்னிரண்டு வரை வெளியே வரமாட்டார். வருகிறவர் வயதானவர், இரண்டு மணி நேரம் உட்கார மாட்டார். இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிடலாம்.

ஜூலை 12, வியாழன்

நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்பது ஐம்பதுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, குடை, மஞ்சள் பை. ஒடிசலான மனிதர். "சேதுராமலிங்கம். கடுதாசி போட்டிருந்தேன்" என்றார்.

"முதல்வர் கூட்டத்துல இருக்கார். பன்னெண்டு ஆகும். இன்னொரு நாள் வரலாமே."

"இருக்கேன். பத்தொன்பது மாசம் இருந்தாச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு என்ன?"

என் மேஜைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். இசக்கி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்தவன் சும்மா போகக்கூடாதா? "எங்க ஐயாவும் பட்டாளத்துலேருந்து வந்தவியதான். ஜெனரல்கூடவே ஆபீஸ் வேலை பார்த்தாவ" என்று என்னைக் காட்டினான். பெரியவர் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பையிலிருந்து சங்கிலி கட்டின ரயில்வே கடிகாரம் ஒன்றை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கண் என்னை விட்டு நகரவில்லை.

பதினொன்றுக்குச் சற்று முன்னால் ஜெனரல் கூட்டத்து அறைக் கதவைத் திறந்து, அங்கிருந்தபடியே ஒரு சீட்டை நீட்டினார். பரீட்சைப் பட்டியலில் நம் மாணவர்கள் பத்தொன்பது பேர் விட்டுப்போயிருக்கிறார்கள். இன்று மாலை ஐந்துக்குள் அவர்கள் எண்கள் மதுரையில் பல்கலைக்கழக ஆபீஸில் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு. "பதினொன்றரை பஸ்ஸுல இசக்கி போகணும்" என்றார். பெரியவர் பெஞ்சில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை, கதவு மூடிவிட்டது.

நான் உட்கார்ந்தேன். அனுப்புகைப் பதிவேட்டைத் திறந்து எண் போட்டு நேரம் எழுதினேன். 11.05. பிறகு தாளைச் செருகி அடித்தேன். பதினாலாவது எண்ணில் எட்டின் மேல் மூன்று விழுந்துவிட்டது. உருவிக் கிழித்தேன்.

இசக்கி சைக்கிள் சாவியோடு நின்றான். "ஐயா, அதையே பேனாவால திருத்திக் குடுங்களேன். பஸ் போயிரும்லா."

"பல்கலைக்கழகத்துக்கு அடிச்சுத் திருத்தின தாளை அனுப்புறதா? உன் வேலையைப் பாரு."

இரண்டாவது தாள் சுத்தமாக வந்தது. ஆனால் கார்பன் மடங்கி ஆபீஸ் நகலில் பாதி விழவில்லை. நகல் இல்லாமல் கோப்பு என்ன கோப்பு? மூன்றாவது தடவை அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. மடித்து, உறையிலிட்டு, இசக்கியிடம் கொடுத்தேன். அவன் ஓடினான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எதிரே யார் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வேலை செய்யும்போது நான் அப்படித்தான்.

பன்னிரண்டுக்கு ஜெனரல் வெளியே வந்தார். "போயாச்சா கோமதி?"

பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன். "பதினொண்ணு அஞ்சுக்கு அனுப்பியாச்சு சார்."

"பதினொண்ணு இருபத்தேழு" என்றார் பெரியவர். குரலை உயர்த்தவில்லை. கடிகாரத்தின் மூடியைச் சாத்தினார்.

ஜெனரல் அவர் பக்கம் திரும்பும்போதே இசக்கி நனைந்துகொண்டு படியேறி வந்தான். கையில் உறை. "பஸ் போயிட்டு ஐயா. சைக்கிள் செயினும் கழண்டுட்டு."

ஜெனரல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஜீப்பை எடுத்துட்டுப் போகச் சொல்லு. கடையநல்லூர் தாண்டிப் பஸ்ஸைப் பிடிச்சிரலாம். இல்லைன்னா நேரே மதுரைக்கே விடட்டும்." இசக்கி ஓடினான். ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டது. இங்கே ஜீப் இருந்தது.

"நீங்க?" என்றார் ஜெனரல்.

"ஞானசேகரனோட அப்பா. மூணு கடுதாசி போட்டேன்."

"மூணா?"

ஜெனரல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறேன். இன்று இழுப்பறையைத் திறந்து மூன்று கடிதங்களையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். இரண்டாவது கடிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு என் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த 11.05 மேல் விரலை வைத்தார்.

"அன்னைக்கும் இப்படித்தானா, கோமதி?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஜெனரல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், பெரியவருக்குப் பக்கத்தில். "விசாரணையில என்கிட்ட முதல் கேள்வியே, நேரம் உறுதிதானான்னுதான். 'என் கிளார்க் ரிஜிஸ்டர் பொய் சொல்லாது'ன்னு சொன்னேன். அதுக்கு மேல யாரும் கேக்கலை. உங்க பையன் பேரை நான்தான் அழிச்சேன்."

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அப்போ அவன் கைக்கு அது போய்ச் சேரலை."

"சேரலை ஐயா. சேர்ந்திருக்க முடியாது."

எழுந்து அவர் காலில் விழப் போனேன். குடையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். "வேண்டாம். உங்களை மன்னிக்கிறதுக்கு நான் டிக்கெட் வாங்கி வரலை. சொன்னதை எழுதிக் குடுங்க. அவன் அம்மா படிக்கணும். பரமக்குடிக்காரரும் படிக்கணும்."

ஊருக்குப் போகும் பஸ் நேரம் என்று பெரியவர் எழுந்தார். ஜெனரல் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். வாசல் வரை ஜெனரல்தான் குடை பிடித்துக்கொண்டு போனார்.

கடையநல்லூர் தாண்டிப் பஸ் கிடைத்ததாம். பத்தொன்பது பேருக்கும் பாதகமில்லை.

ஜூலை 13, வெள்ளி

லீவு போட்டேன். இந்த வேலையில் சேர்ந்தபின் முதல் லீவு.

போன மாதம் 27ஆம் தேதி நான் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். விடவில்லை, மறைத்தேன். இந்த நோட்டை வேறு யாரும் படிப்பதில்லை. இதில்கூட மறைத்தேன்.

அன்று நேரத்தை எழுதிவிட்டு அடிக்க உட்கார்ந்தேன். குளிரில் விரல் விறைத்து முதல் தாளில் தப்பு விழுந்தது. கிழித்தேன். இரண்டாவது தாள் நன்றாக வந்தது. ஆனால் கார்பனைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். எழுத்தெல்லாம் மூலத்தாளின் முதுகில் பதிந்து, ஆபீஸ் நகல் வெள்ளையாக இருந்தது. தங்கவேலு வண்டியை உதைத்துக் கிளப்பி வைத்துவிட்டு, கூடாரத்துக்குள் தலையை நீட்டி, "அண்ணே, அப்படியே குடுங்கண்ணே, கேப்டன் படிச்சுக்குவாரு" என்றான். படித்திருப்பார். முதல் தாளைக் கொடுத்திருந்தால்கூடப் படித்திருப்பார். ஜெனரலின் கிறுக்கல் சீட்டைக் கொடுத்திருந்தால்கூடப் போதும்.

நான், "இரு" என்றேன். மூன்றாவது தாள் அடித்தேன். அவன் கிளம்பும்போது நாலரை. இருபத்தைந்து நிமிஷம்.

மூன்றாவது தாளின் நகல் இன்றும் ராணுவக் கோப்பில் இருக்கும். ஒரு பிழை இருக்காது.

விசாரணைக்கு அந்தப் பதிவேட்டை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு கர்னல் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாராட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, அதுதான் இப்போது பொறுக்க முடியவில்லை.

உலகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். "அந்த அம்மா இத்தனை நாளும் வாசலுக்கு வராம இருந்தாவளே" என்றாள். எனக்காக அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

ஜூலை 16, திங்கள்

எட்டரைக்கே ஆபீஸுக்குப் போனேன். ஜெனரல் எனக்கு முன்னால் வந்திருந்தார். தன் பங்குக்கு ராணுவத் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார், தன் கையாலேயே. விசாரணையில் தான் சரிபார்க்காமல் சாட்சி சொன்னதாகவும், முடிவைத் திருத்த வேண்டும் என்றும் இருந்தது.

"இது அடிக்க வேண்டாம் கோமதி. கோழிக் கிறுக்கலாவே போகட்டும்" என்றார். பிறகு, "உன்னையும் கூப்பிடுவாங்க. பென்ஷன்ல கை வைக்கலாம். கேஸ்கூடப் போடலாம். நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

"தடுக்க வேண்டாம் சார்."

"இங்க வேலையில இருக்கியா, போறியா?"

"நீங்க சொல்றபடி சார்."

"அதையும் நானே சொல்லணுமா?" என்றார். முதல் முறையாக என்மேல் கோபப்பட்டார். நியாயந்தான். பதில் எழுதும் தபால் முடியும்வரை இருக்கிறேன், பிறகு போகிறேன் என்றேன்.

கண்ணாடிக்கு அடியில் பன்னிரண்டாவது வரியில் பெயர் எழுதியிருந்தது. மை இன்னும் சரியாகக் காயவில்லை.

என் இடத்துக்கு வந்து தாளைச் செருகினேன். இரண்டு கார்பன் வைத்தேன். ஒன்று தலைமையகத்துக்கு, ஒன்று மானாமதுரைக்கு, ஒன்று பரமக்குடிக்கு. ஆபீஸ் நகல் எடுக்கவில்லை. பதிவேட்டைத் திறக்கவில்லை. செய்தி எண் 212 நாலரைக்குத்தான் கிளம்பியது என்பதில் தொடங்கி, தங்கவேலு கேட்டது வரை அடித்தேன். நாலு இடத்தில் தப்பு விழுந்தது. ஒரு இடத்தில் கேப்டனின் பெயரிலேயே. கை தானாக உருளையின் குமிழைத் திருப்பித் தாளை உருவப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பேனாவால் அடித்து, மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். மூன்று பிரதியிலும். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

மூன்று உறைகளையும் ஒட்டி இசக்கியிடம் கொடுத்தேன். அவன் அவற்றைக் கத்தரிக்காய் மாதிரிதான் வாங்கினான். "பதிவுத் தபால்ல போடு. நேரே போ, வழியில டீ குடிக்க நிக்காத" என்றேன்.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். சைக்கிளில் ஏறினான். வாசலைத் தாண்டினான். சாலையில் திரும்பினான். அதற்குப் பிறகுதான் வந்து உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பதிவேட்டைத் திறந்து நேரத்தை எழுதினேன். 10.52.